புற்றரை காய்கிறதா? பசளை விற்குமுன் மண்ணைப் பாருங்கள்

தம்பலகாமத்தில் பசளையும் தோட்டப் பொருட்களும் விற்கும் சிறு கடை ஒன்றை நடத்துகிறேன். எங்கள் வயல்கள் கந்தளாய்க் குளத்து நீரைப் பிடித்து வைத்திருக்கும் களிமண் பூமி. அந்த மண்ணை மட்டும் அறிந்த நான், கடற்கரை மணலுக்குச் சரக்குக் கொடுக்கப் போய் ஒரு பாடம் படித்தேன்.

கச்சான் காற்று வீசும் ஒரு ஜூலை மாதம், நிலாவெளியில் விடுதி நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்தார். "நானா, காலையும் மாலையும் தண்ணீர் அடிக்கிறோம். ஆனாலும் புல்லு திட்டுத் திட்டாகக் காயுது" என்றார். மண்ணைப் பார்க்காமலே யூரியாவை ஏற்றி அனுப்பினேன். காய்ந்த இடங்கள் கருகியே போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பிறகுதான் நேரில் சென்று தோண்டிப் பார்த்தேன். மேலே தண்ணீர், இரண்டு அங்குலத்துக்குக் கீழே மணல் மாவுபோல உலர்ந்து கிடந்தது. காரணம் இதுதான்: புல்வேரும் சருகும் உக்கும்போது உண்டாகும் மெழுகு போன்ற பொருள் மணல் மணிகளில் படிகிறது. அந்த மணல் ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் சேம்பிலையைப் போலத் தண்ணீரை ஒட்டவிடாது. ஊற்றும் நீர் பக்கத்தால் ஓடிவிடும்.

இதற்குரிய மருந்துதான் 'வெட்டிங் ஏஜன்ட்' எனப்படும் மண் ஈரமாக்கி. இதன் மூலக்கூறின் ஒரு முனை மெழுகைப் பற்றும். மறுமுனை நீரைப் பற்றும். அதனால் நீர் மணலுக்குள் இறங்கி வேரைச் சேர்கிறது.

இலாபக் கணக்கையும் பாருங்கள். 1000 சதுர மீற்றர் புற்றரைக்கு 5 மில்லிமீற்றர் அளவு நீர் பாய்ச்ச 5000 லீற்றர் வேண்டும். அதில் கால்வாசி வீணாக ஓடினால் 1250 லீற்றர் நட்டம். பம்பி ஓடிய மின்கட்டணமும் அதோடு சேரும்.

விற்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். காய்ந்த திட்டில் மண்ணைக் கட்டியாக வெட்டியெடுத்து, நன்கு உலரவிட்டு, மேலிருந்து கீழாக நீர்த்துளிகளை வையுங்கள். துளி 5 செக்கனுக்கு மேல் உறிஞ்சப்படாமல் நின்றால் அம்மண் நீரை விலக்குகிறது, ஈரமாக்கி உதவும். உடனே உறிஞ்சினால் கோளாறு வேறு. நீர் போதாமலிருக்கலாம், பூச்சியாகவும் இருக்கலாம். அவருக்கு இதை விற்காதீர்கள்.

வாங்குபவரிடம் மூன்று விடயங்களைச் சொல்லிக் கொடுங்கள். போத்தலில் குறித்த அளவைத் தாண்டக்கூடாது. தெளித்தவுடன் இலையில் தங்காதபடி நன்றாக நீர் பாய்ச்ச வேண்டும். மலிவென்று பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றினால் புல் கருகலாம். இது தண்ணீருக்குப் பதிலும் அல்ல. நிரந்தரத் தீர்வும் அல்ல. காலத்துக்குக் காலம் மீண்டும் இடவேண்டும்.

சீனக்குடாவில் விமானப் படையின் கோல்ஃப் மைதானமும், உப்புவெளி, நிலாவெளிக் கரையோரம் விடுதிகளும் உள்ள மாவட்டம் இது. புற்றரை சார்ந்த வியாபாரத்துக்கு இங்கே இடமுண்டு. அந்த விடுதிக்காரர் இன்றும் என்னிடமே வாங்குகிறார். இப்போது ஓடர் கொடுப்பதற்கு முன், "மண்ணைப் பார்த்தீங்களா?" என்று அவரே என்னைக் கேட்கிறார்.