ஸ்பீக்கருக்கு எட்டாத சேதி

செல்போனை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். மணி அடிக்கச் சற்று முன்பே ஸ்பீக்கர் 'டிட்டிடிட்... டிட்டிடிட்' என்று இரையத் தொடங்கிவிடும். அது ஜிஎஸ்எம் போனின் வேலை. ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதால், 4.615 மில்லி விநாடிக்கு ஒருமுறை தன் முறை வரும்போது 0.577 மில்லி விநாடி மட்டும் போன் அலையை வீசிவிட்டு அடங்கும். பேசும்போது விநாடிக்குச் சுமார் 217 வீச்சு. காதுக்கு எட்டும் அதிர்வெண் என்பதால் ஸ்பீக்கரும் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆனால் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது உறை மட்டும்தான், உள்ளே இருக்கும் கடிதம் அல்ல. ஒரு வீச்சு நடக்கும்போது அலையின் உயரம் மாறுவதில்லை. சேதி முழுக்கக் கட்டத்தில், அதாவது அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில், இருக்கிறது. ஒவ்வொரு பிட்டும் அதை ஏறத்தாழக் கால் சுற்று முன்னோ பின்னோ தள்ளும். அதுவும் விநாடிக்கு 2,70,833 பிட் வேகத்தில்.

இந்தத் திருப்பங்களைப் படித்தெடுப்பதே பண்பிறக்கம். போனைச் சோதிக்கும் கூடத்தில் அலையை எண்களாக்கிக் கணினிக்குள் அனுப்பிவிட்டால் மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். 148 பிட் கொண்ட ஒரு வீச்சின் நடுவில் 26 பிட்டுகள் முன்கூட்டியே தெரிந்தவை. அவற்றைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து இருபக்கமும் நகர்ந்து மற்றவற்றைக் கண்டுபிடிக்கும்.

அடுத்து அது செய்யும் காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. குறையே இல்லாத ஒரு போன் இதே பிட்டுகளை எப்படி அனுப்பியிருக்கும் என்று தானே ஓர் அலையை வரைந்துகொள்கிறது. கிறுக்கல் கையெழுத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, அதே வரியை அச்சில் கோத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போல. வந்த அலையிலிருந்து வரைந்த அலையைக் கழித்தால் மிஞ்சுவது போனின் குறை.

திரையில் அது ஒரு கோடு. பிழை 7 பாகை என்று எண்ணை மட்டும் சொன்னால் போனின் மின்சுற்றுப் பலகையில் எந்தப் பாகத்தைத் தொடுவது என்று தெரியாது. கோட்டின் வடிவம் துப்புக் கொடுக்கும். ஒரே சாய்வாக ஏறினால் அதிர்வெண் விலகியிருக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸில் போனுக்கு அனுமதி 90 ஹெர்ட்ஸ்தான். அந்த 90 கூட ஒரு வீச்சு முடிவதற்குள் கோட்டைச் சுமார் 18 பாகை சாய்த்துவிடும். சாய்வை நீக்கிய பிறகு தொடக்கத்தில் மட்டும் வளைவு மிஞ்சினால், பெருக்கி சட்டென்று மின்சாரத்தை இழுத்தபோது அலையியற்றி தடுமாறியிருக்கலாம். சீராக ஏறி இறங்கினால் எங்கிருந்தோ ஓர் அந்நிய அதிர்வு கசிகிறது.

இதில் ஒட்டுக்கேட்பு எதுவும் இல்லை. பிட்டுகள் என்ன சொல்கின்றன என்பது அளப்பவருக்குத் தேவையே இல்லை. திருப்பங்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

4ஜியில் அலையின் உயரமும் சேதி சுமப்பதால், கோட்டுக்குப் பதிலாகப் புள்ளிகளால் ஆன சதுரம் திரையில் விரியும். 64 புள்ளிச் சதுரத்தில் கோபுரத்துக் கருவிக்கு 8 சதவீத விலகல்தான் எல்லை. கழித்துப் பார்க்கும் உத்தி மட்டும் அதேதான்.