வைத்தியன் குன்றில் ஒரு பரணி

திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் தொடங்கிய மேட்டுக்குப் பழைய பெயர் வைத்தியன்குன்னு, அதாவது வைத்தியரின் குன்று. 1990இல் அங்கே ஏறத்தாழ 50 ஏக்கரில் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா உருவாகத் தொடங்கியது. 1995 நவம்பரில் பிரதமர் நரசிம்ம ராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். மார்த்தாண்டத்திலிருந்து வேலைக்கு வந்த எனக்கு இந்தப் பெயரைச் சொன்னவர், நான் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டின் உடமைக்காரம்மா.

அவருடைய விளையில், அதாவது வீட்டுத் தோட்டத்தில், இரண்டு மா, ஒரு பலா. கிணற்றடியில் ஆடாதோடை, பனிக்கூர்க்கை (நாம் கற்பூரவல்லி என்போம்), வேலியோரம் தும்பை. ராத்திரி ஷிப்டு முடிந்து இருமிக்கொண்டே வந்தால், பனிக்கூர்க்கை இலையைத் தீயில் வாட்டிப் பிழிந்து, தேன் விட்டுத் தருவார். நம் ஆடியை ஒட்டி வரும் கர்க்கடகத்தில் தசபுஷ்பம் என்னும் பத்து மூலிகைகளைத் தேடி விளையெங்கும் நடப்பார். அறுகு, கரிசலாங்கண்ணி, சிறுபீளை, முடக்கத்தான், நிலப்பனை என்று அதில் பாதி எனக்கும் தெரிந்தவை. எங்கள் ஊரும் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடுதானே இருந்தது. செடிகளுக்கு எல்லைக்கோடு தெரியாது.

சமையலறை மூலையில் இடுப்பளவு பரணி, அதாவது ஊறுகாய் ஜாடி, ஒன்று நின்றது. மாசி, பங்குனியில் காயை அடிபடாமல் இறக்கி, ஒரு வரிசை மாங்காய், ஒரு வரிசை கல்லுப்பு என்று அடுக்கி, கொதித்து ஆறிய நீர் ஊற்றி, நல்லெண்ணெயில் நனைத்த துணியை மேலே போட்டு வாயைக் கட்டிவிடுவார். உப்பு காயின் நீரை இழுக்கும். அந்த உப்புநீரில் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மட்டும் பிழைக்கும். அவை விடும் அமிலம் மற்றவற்றை அண்டவிடாது. இந்த விளக்கமெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அவர் சொன்னது ஒன்றுதான்: "கை நனஞ்சிருக்கக் கூடாது, மோளே." பலாப்பழத்தை வெல்லமும் நெய்யும் விட்டு உருளியில் மணிக்கணக்காகக் கிளறி வரட்டுவதும் இதே காலத்தில்தான். மழை ஓயாமல் பெய்து கூலிவேலை நின்றுபோகும் பஞ்ஞக் கர்க்கடகத்தில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும். பரணி அதற்காக இருந்தது. அதிலிருந்து அக்கம்பக்கத்து நான்கு வீடுகளுக்குப் போகாத வருடமில்லை.

இன்று அந்த விளை இல்லை. கழக்கூட்டம் 2010இல் மாநகராட்சியோடு சேர்ந்தது, 2022இல் ஊரின் தலைக்கு மேலே நெடுஞ்சாலையே பாலமாக ஏறிவிட்டது. வீட்டை விற்றுவிட்டு உடமைக்காரம்மா மகனோடு நெடுமங்காட்டுப் பக்கம் போய்விட்டார். நான் ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன்.

அந்த மாடியில்தான் நான் ஊறுகாய் போடத் தொடங்கினேன், ஸ்டார்டியூ வேலியில். எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நாலரை ஆண்டு தனியாளாக உழைத்து 2016இல் வெளியிட்ட விளையாட்டு அது. பெரிய நிறுவனத்தின் மேசையில் மனம் காய்ந்துபோன ஒருவருக்குத் தாத்தாவின் பண்ணை கிடைக்கிறது என்று கதை ஆரம்பிக்கும். எங்கள் அலுவலகத்தில் அது எத்தனை பேரைப் பிடித்துக்கொண்டது என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. முதல் நாள் பதினைந்து விதை ஊன்றிவிட்டு, பூவாளியோடு ஒவ்வொன்றாக நனைத்தபோது என் தோள் இறுக்கம் தளர்ந்தது நிஜம். வெறும் படம்தானே என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

அதில் 50 மரத்துண்டும் 40 கல்லும் 8 நிலக்கரியும் சேர்த்தால் ஒரு ஜாடி கிடைக்கும். காய் போட்டால் ஊறுகாய், பழம் போட்டால் ஜெல்லி. விளையாட்டின் ஒரு நாள் நமக்கு ஏறக்குறைய 14 நிமிடம், இரண்டு மூன்று நாளில் ஜாடி தயார். எந்தப் பழமானாலும் ஒரே கணக்குத்தான்: விலையை இரட்டித்து 50 கூட்ட வேண்டும். 130 பொன் விலையுள்ள மாம்பழம் ஜெல்லியானால் 310.

இந்தக் கணக்கு எனக்குப் பாடமான பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த உலகத்தில் எதுவும் அழுகுவதில்லை. பருவம் மாறினால் வயலில் நிற்கும் பயிர் வாடும், ஆனால் பறித்துப் பெட்டியில் போட்ட தக்காளி எத்தனை வருடமானாலும் அப்படியே இருக்கும். பிறகு ஜாடி எதற்கு? விலைக்கு மட்டும். உடமைக்காரம்மாவின் பரணியோ அழுகலுக்கு எதிராகவே நின்றது. ஈரமும் பூசணமும் பசியும் சேர்ந்து கண்டுபிடிக்கவைத்த கலை அது.

மூலிகைக்கும் விளையாட்டில் இப்படி ஓர் இடம் உண்டு. 2015இல் சிம்ஸ் 4 விளையாட்டுக்கு ஒரு காட்டுப்பகுதியைச் சேர்த்தார்கள். செடிகளை இனம்கண்டு பறித்து மருந்து காய்ச்சலாம், காட்டுக்குள் தனித்து வாழும் ஒருவரோடு நட்பானால் அவரிடமும் கற்றுக்கொள்ளலாம். அதை ஆடும்போது எனக்கு அகத்தியமலைப் பழங்குடிகளான காணிக்காரர்கள் நினைவு வரும். 1987இல் அங்கே போன ஆய்வாளர்கள் மலையேறிக் களைத்தபோது, வழிகாட்டிய காணிகள் மட்டும் ஏதோ காயை மென்றபடி சோர்வில்லாமல் நடந்தார்கள். அது ஆரோக்கியப்பச்சைச் செடியின் காய். பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத்தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. நட்பு மட்டும் போதாது, அறிவுக்கு உரியவர் உண்டு என்று உலகம் பேசத் தொடங்கிய ஆரம்ப உதாரணங்களில் ஒன்று இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் நடந்தது என்பதில் எனக்குப் பெருமை.

தசபுஷ்பம் இப்போது கட்டாகக் கடையில் கிடைக்கிறது. கர்க்கடகத்தில் குடிக்கும் மருந்துக் கஞ்சியும் பெட்டியில் வருகிறது. அரசு நிறுவனமான ஔஷதியே அதை விற்கிறது. நானும் வாங்குகிறேன். பிழையில்லை, வயிற்றுக்கு நல்லதுதான். ஆனால் சிறுபீளை எது, முடக்கத்தான் எது என்று பெட்டியைப் பார்த்து என் மகளுக்குக் காட்ட முடியவில்லை.

2020 ஊரடங்கில் டெக்னோபார்க் காலியாகி எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது, எங்கள் மொட்டைமாடியில் குரோபேக்குகள் முளைத்தன. நான் முதலில் வைத்தது பனிக்கூர்க்கை. அடுத்த மாசியில் ஒரு சின்னப் பரணி வாங்கி, சூப்பர்மார்க்கெட் மாங்காயை உப்பிலிட்டேன். கை உலர்ந்திருந்தது, நீர் கொதித்து ஆறியிருந்தது, எண்ணெய்த் துணியும் போட்டேன். ஐந்தாவது வாரம் வாயை அவிழ்த்தால் காய்கள் கொழகொழவென்று கூழாகியிருந்தன.

உடமைக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே கேட்டார்: "மோளே, மாங்காய்க்கு ஞெட்டு உண்டாயிருந்தோ?"

ஞெட்டு என்றால் காம்பு. கடைக்கு வந்த காயில் அது ஒடிந்து, அந்த இடம் புண்ணாகி இருந்தது. அந்த வாய் வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும் என்றார். காம்போடு காய் வேண்டுமென்றால் மரம் தெரிந்திருக்க வேண்டும், மரம் ஏறுகிறவரைத் தெரிந்திருக்க வேண்டும், காய் தரையில் விழாமல் கீழே துணி பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.

எங்கள் குடியிருப்பின் காவலர் வீட்டில், போத்தன்கோட்டில், ஒரு நாட்டு மா நிற்கிறதாம். அடுத்த மாசியில் மகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். துணி பிடிக்க அவள் இருப்பாள்.