ஊவாவை ஆண்ட குமாரசிங்கன்

புலவர் நட்பைப் பெற்ற மன்னன் வீழ்ந்தாலும் வாழ்கின்றான். அதனைப் பெறாதவன் வென்றாலும் மறைகின்றான். பறம்பு மலைத் தலைவனாகிய பாரியை மூவேந்தர் முற்றுகையிட்டனர், அவன் மாண்டான். ஆயினும் கபிலர் பெருமான் அவனுக்கு உயிர்த்தோழராய் வாய்த்தமையால், நூற்றாண்டுகள் பல கழிந்தும் தமிழ்ப் பள்ளிதோறும் அவன் பெயர் ஒலிக்கின்றது. அவனைப் போன்றே மலைநாட்டுச் சிற்றரசன் ஒருவன் யாம் வாழும் இவ்வூவாவிலும் இருந்தான். அவன் போரில் தோற்றவன் அல்லன், வென்றவன். ஆயினும் அவனுக்கு ஒரு கபிலர் வாய்க்கவில்லை. அவனே குமாரசிங்கன்.

பதுளையில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் யான். என் மாணவருட் பலர் பசறை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருவோர். சேர சோழ பாண்டியரை அவர் அறிவர்; யாழ்ப்பாணத்துச் சங்கிலியனையும் அறிவர். “ஐயா, நம்முடைய பதுளைக்கும் ஓர் அரசன் இருந்தானா?” என்று அவருள் ஒருவன் வகுப்பில் வினவினான். அவ்வினாவின் விடையே இக்கட்டுரை.

கண்டியில் முதலாம் விமலதர்மசூரியன் 1604ஆம் ஆண்டு இறந்தான். அவன் உறவினனாகிய செனரத் துறவாடை களைந்து அரசேற்று, கணவனை இழந்த அரசியாகிய தோன கத்தரீனாவை மணந்தான். அரண்மனையில் வளர்ந்த இளவரசர் மூவர்: குமாரசிங்கன், விசயபாலன், இராசசிங்கன். முன்னிருவரும் விமலதர்மசூரியனின் மைந்தர் என்றும், மூன்றாமவனே செனரத்தின் மைந்தன் என்றும் சூளவம்சம் கூறும். அங்ஙனமாயின் குமாரசிங்கன் தந்தையின் முகத்தை நன்கு கண்டறியாத இளமையிலேயே மாற்றான் தந்தையின் நிழலில் வளர்ந்தவன் ஆவான்.

பிள்ளைகள் மூவர், அரியணையோ ஒன்று. பூசல் விளையாமற் காக்க விரும்பிய செனரத், நாட்டை மூன்றாகப் பகுத்து, அவற்றின் பெயர்களை ஏட்டில் எழுதி, புத்தபிரானின் தந்தத் தாதுவின் திருமுன் வைத்து எடுக்கச் செய்தான். ஊவா குமாரசிங்கனுக்கும், மாத்தளை விசயபாலனுக்கும், கண்டியைச் சூழ்ந்த மேல்நாடு ஐந்தும் இராசசிங்கனுக்கும் விழுந்தன. தலைநகர் இளையவனுக்குக் கிட்டியது; மூத்தவனாகிய குமாரசிங்கனோ பதுளைக்கு வந்து சேர்ந்தான்.

அவன் பெற்ற பங்கு எளிதாகக் காக்கத்தக்கது அன்று. அக்காலத்தே பறங்கியரின் தளபதியாக விளங்கியவன் கொன்ஸ்தந்தீனு த சா. 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தப் படை விடுத்தவன் அவனே. 1624இல் திருக்கோணமலையில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களாற் கோட்டை எழுப்பியவனும் அவனே. 1628இல் மட்டக்களப்பிலும் கோட்டை கட்டினான். கடற்கரையெங்கும் அவன் கை ஓங்கியபின், எஞ்சி நின்றது மலைநாடு ஒன்றே.

1630ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அவன் ஊவாவின்மேற் படையெடுத்தான். சில நூறு பறங்கியரும், ‘லஸ்கரீன்’ எனப்பட்ட ஆயிரக்கணக்கான உள்நாட்டு வீரரும் அவனோடு வந்தனர். மலைநாட்டார் அவனை எதிர்த்து நின்று பொருதாரல்லர், வழிவிட்டு விலகினர். வெறுமையாய்க் கிடந்த பதுளையைப் பறங்கியர் தீக்கிரையாக்கினர். வென்றோம் என்றெண்ணித் திரும்பியபோதுதான் வலை இறுகிற்று. அவன் பெரிதும் நம்பியிருந்த சிங்கள முதலியார்கள் கண்டி அரசோடு முன்னரே மறைவாக உடன்பட்டிருந்தனர். லஸ்கரீன்களோடு அவர்கள் எதிர்ப்பக்கம் சேர்ந்தனர். பெருமழை பெய்து, துப்பாக்கித் திரிகளை நனைத்துவிட்டது என்பர். வெல்லவாய்க்கு அருகிலுள்ள ரந்தெனிவெலவில் பறங்கிப்படை சூழப்பட்டது. ஆகத்து 25ஆம் நாள் தளபதியும் அவன் படையினருட் பெரும்பாலோரும் மாண்டனர்.

இவ்வெற்றி குமாரசிங்கன் ஒருவனுடையது அன்று. உடன்பிறந்தார் கூடிப் பெற்றது. ஆயினும் எரிந்த ஊர் அவனுடையது. போர் நிகழ்ந்த மண்ணும் அவனுடையது. தன் தலைநகர் எரிவதைப் பொறுத்து, பகைவன் திரும்பும் காலத்தை நோக்கி நிற்றல் எளிய செயலோ? வாளெடுத்துப் பாய்வது ஒரு வீரம். காலம் வருந்துணையும் காத்திருப்பது அதனினும் அரிய வீரம் அன்றோ!

பின்னர் நிகழ்ந்தவை துயரமானவை. குமாரசிங்கன் நெடிது வாழவில்லை. நஞ்சூட்டிக் கொல்லப்பட்டான் என்றும், அது தம்பியாகிய இராசசிங்கனின் செயல் என்றும் பழைய செய்தி ஒன்று வழங்குகின்றது. 1635இல் செனரத் மறைந்தபின் இராசசிங்கனே பேரரசனானான். விசயபாலனோ அவனோடு பகைத்துப் பறங்கியரிடம் புகலடைந்து, 1654இல் கோவாவில் உயிர்நீத்தான். பூசலைத் தவிர்க்க எண்ணி எடுத்த திருவுளச்சீட்டு, பூசலையே விளைத்தது.

இனி, இவர்களை எழுதிவைத்தவர் யாவர் என நோக்குவாம். தமிழிற் பரணி போலச் சிங்களத்தில் ‘ஹட்டன’ எனும் போர்க்காவியங்கள் உண்டு. அவற்றுள் ‘குஸ்தந்தீனு ஹட்டன’ பறங்கித் தளபதியின் புகழைப் பாடுவது. ‘ராஜசிங்ஹ ஹட்டன’ இராசசிங்கனைப் பாடுவது. ரந்தெனிவெலவில் வீழ்ந்த தளபதிக்கு மைந்தன் ஒருவன் இருந்தான். அவன் தந்தையின் பெருமை நிலைக்க வேண்டிச் சுபானிய மொழியில் நூலொன்று இயற்றி, 1681இல் லிஸ்பனில் வெளியிட்டான். தோற்றவனுக்கு ஒரு மகன் எழுதுகோல் ஏந்தினான். ரந்தெனிவெல வெற்றியின் பெருமையோ பிற்காலத்தே இராசசிங்கன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. குமாரசிங்கனை யாம் அறிவதெல்லாம் பிறர் கதைகளின் இடையே அவன் தலைகாட்டும் சில வரிகளால் மட்டுமே.

இந்நிலை அவன் ஒருவனுக்கே உரியது அன்று. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் அயர்லாந்துத் தீவில் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றரசர் ஒரேகாலத்தில் ஆண்டனர். அவருட் பலருடைய வாழ்வு, கிறித்தவத் துறவியர் மடங்களில் எழுதிய ஆண்டுக்குறிப்புகளில் ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது: ஆண்டு, பெயர், இறந்த வகை. அரசருக்கே இதுதான் நிலையெனின், ஏனையோர்க்கு யாது கூறுவது?

இவ்விடத்தேதான் குமாரசிங்கன் கதை எம் மாணவரின் கதையைத் தொடுகின்றது. கோப்பிக் காலத்திலும் பின்னர்த் தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து வந்து, இம்மலைகளைத் திருத்திய முன்னோரின் வாழ்வு எங்கே எழுதப்பட்டது? செக்றோலில் எழுதப்பட்டது: பெயர், வேலைநாள், கூலி. எழுதியவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமார், எழுதுவித்தவர் துரைமார். பிறர் ஏட்டில் ஒரு வரியாய் நிற்பது மன்னனுக்கும் நேர்ந்தது. கொழுந்து பறித்த கைகளுக்கும் நேர்ந்தது.

ஆதலின் ஊவாவிலுள்ள ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று சொல்வேன். பாரியைப் பாடஞ் சொல்லுங்கால் குமாரசிங்கனையும் அருகே நிறுத்துங்கள். ‘இம்மண்ணுக்கு வரலாறு இல்லை’ என்றோ, ‘இருப்பினும் அது நமக்குரியது அன்று’ என்றோ எண்ணி நம் பிள்ளைகள் வளர்தல் தகாது. வாழும் மண்ணின் வரலாறு அம்மண்ணில் வாழும் அனைவர்க்கும் உரியது. அதனோடு, ஒவ்வொரு மாணவனும் தன் பாட்டன் பாட்டியின் பெயர், அவர் முன்னோர் புறப்பட்டு வந்த ஊர், முதலில் வேலைசெய்த தோட்டம் ஆகியவற்றைக் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதிவரச் செய்யுங்கள். லயத்து முதியோர் நினைவு தெளிவாயிருக்கும்போதே இது நிகழவேண்டும். குமாரசிங்கனுக்கு ஒரு கபிலர் வாய்க்கவில்லை. எம் மாணவரின் பாட்டனாருக்கோ எழுதக் கற்ற பேரப்பிள்ளைகள் இருக்கின்றனர்.