கடற்கரைக் கிராமங்களில் குடிஜலமும் குழந்தைகளின் பேதி நோயும்

கன்றுக்குக் கழிச்சல் கண்டால் தொழுவத்தைச் சோதித்துப் பாராத குடியானவர் இல்லை. குழந்தைக்குப் பேதி கண்டாலோ, பல் முளைப்பு, சூடு, கண்ணேறு என்று காரணங் கூறி வாளாவிருந்துவிடுவது பல கிராமங்களில் வழக்கமாயிருக்கிறது. மலத்திலுள்ள கிருமிகள் ஜலத்தாலும், கையாலும், ஈயாலும் வாய்க்குள் செல்வதே இந்நோய்க்குப் பெரும்பான்மையான காரணம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுதோறும் சுமார் 4,40,000 பேர் பேதியால் மடிகின்றனர். இம்மரணங்களுள் பெரும்பகுதி தடுக்கக்கூடியதாகும்.

கரையோரத்தின் விசேஷம்

புதுக்கோட்டை ஜில்லா, மணமேல்குடி தாலுகாவிலுள்ள கட்டுமாவடி கடலோரக் கிராமம். மணற்பாங்கான கடலோரங்களில் நல்ல ஜலம் உப்பு ஜலத்தின்மேல் மெல்லிய படலம்போல் நிற்கும். ஆழத் தோண்டினால் உப்பு ஏறும். ஆதலால் கிணறுகள் ஆழமின்றியே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்று மட்டம் உயரும்போது, மலக்குழியின் கசிவு கிணற்றை அடைவது எளிது. குழாய் ஜலம் வந்துவிட்ட ஊர்களிலும் இக்கிணறுகளைப் புறக்கணித்தலாகாது. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்தபோது, இந்த ஜில்லாவில் மின்சாரம் அறுபட்டுப் பல ஊர்களில் குழாய்கள் வறண்டன. அத்தகைய நாட்களில் பழைய கிணறே கதியாகும்.

கட்டடம் மட்டும் போதாது

கழிப்பிடம் கட்டியவுடன் நோய் நின்றுவிடும் என்று எண்ணுதல் தவறு. ஒரிஸ்ஸா மாகாணத்துப் பூரி ஜில்லாவில் 100 கிராமங்களில் நடந்து, 2014-ல் வெளியான ஆராய்ச்சி இதற்குச் சான்று. கழிப்பிடம் அமைக்கும் திட்டம் நடந்த கிராமங்களில், கழிப்பிடமுள்ள வீடுகள் 100-க்கு 9-லிருந்து 63-ஆகப் பெருகின. ஆயினும் குழந்தைகளின் பேதி குறையவில்லை. கட்டியவற்றுள் பல முடிவுறாமலும், பலரால் உபயோகிக்கப்படாமலும் கிடந்தன. நமது திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் 2003 முதல் 2007 வரை இத்தகைய வேலை நடந்த கிராமங்களை மற்றக் கிராமங்களோடு ஒப்பிட்டபோதும், கழிப்பிடங்கள் பெருகியிருந்தனவேயன்றிப் பேதியில் வித்தியாசம் காணப்படவில்லை. வீட்டிலுள்ளோர் யாவரும், எந்நாளும் உபயோகித்தாலன்றிப் பயன் இல்லை. கைக்குழந்தையின் மலம் தீங்கற்றது என்று கருதி முற்றத்திலும் குப்பையிலும் எறிவதும் பெருங்கேடு; அதனையும் கழிப்பிடத்திலேயே சேர்க்க வேண்டும்.

கிணறும் குழியும்

மலக்குழி கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர், அதாவது சுமார் 50 அடி தள்ளியிருத்தல் வேண்டும். மணல் பூமியில் 30 மீட்டர் விடுவது உத்தமம். குழியின் அடி, மழைக்கால ஊற்று மட்டத்துக்கு 1½ மீட்டராவது மேலிருக்க வேண்டும். அதற்கு இடமில்லாவிடில் மேடு கட்டி அதன்மேல் குழி அமைக்கலாம்.

இரட்டைக் குழி முறை குடியானவருக்கு ஏற்றது. ஒரு குழி நிரம்பியபின் அதனை மூடி மற்றதை உபயோகிக்க வேண்டும். மூடிய குழியை இரண்டாண்டு விட்டுத் திறந்தால், நாற்றமற்ற, மண்போன்ற எரு கிடைக்கும். தென்னைக்கும் பழமரங்களுக்கும் இது நல்ல உரம். பச்சையாக உண்ணும் கீரை வகைகளுக்கு இதனை இடலாகாது.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும், சாய்வான சிமெண்டுத் தளமும், மூடியும் அவசியம். எருக்குழியும் மாட்டுத் தொழுவமும் அருகிலிருத்தல் கூடாது.

கிணற்றைச் சுத்தி செய்யும் விதம்

1000 லிட்டர் ஜலத்துக்கு 2½ கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். 2 மீட்டர் குறுக்களவும் 3 மீட்டர் ஜலமுமுள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் இருக்கும்; அதற்கு 24 கிராம் வேண்டும். தூளை வாளியில் குழைத்து, ஜலம் சேர்த்துக் கலக்கி, சுமார் பத்து நிமிஷம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் கிணற்றுள் இறக்கிக் கலக்குக. சுண்ணாம்பு மண்டியைக் கிணற்றில் கொட்டலாகாது. ஒரு மணி நேரம் கழித்தே ஜலம் இறைக்க வேண்டும்.

பானையும் கையும்

குழாயில் சுத்தமாக வந்த ஜலமும் பானையில் கெடுவதுண்டு. கையோடு செம்பை உள்ளே விட்டு மொள்ளுவதே காரணம். வாய் குறுகிய மூடிய பாத்திரமும் நீண்ட காம்புள்ள அகப்பையும் இக்குறையை நீக்கும். சந்தேகம் தோன்றினால் ஜலத்தைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுக. மலங்கழித்த பின்னும், குழந்தைக்கு ஊட்டுமுன்னும், சாணம் அள்ளிய பின்னும் சோப்பிட்டுக் கை கழுவுதல் இன்றியமையாதது.

நோய் கண்டபின்

பேதியில் உயிரைக் கொல்வது பெரும்பாலும் உடலின் நீர்வற்றுதலே. 1971-ல் வங்காளத்து அகதி முகாமில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த ஜலத்தை வாய்வழியே கொடுத்து, 100-க்கு 30 வரையிருந்த மரணத்தை 4-க்கும் கீழாகக் குறைத்தார். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிடில், ஒரு லிட்டர் சுத்த ஜலத்தில் ஆறு சமதேக்கரண்டிச் சர்க்கரையும் அரைச் சமதேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. துத்தநாக மாத்திரையை வைத்தியர் சொற்படி 10 முதல் 14 நாள் வரை தர வேண்டும். மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, கண் குழிதல், மயக்கம் ஆகியவை கண்டால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்க. 2017 முதல் நம் ராஜ்யத்தில் இலவசமாக வழங்கப்பெறும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை 6, 10, 14-வது வாரங்களில் கொடுப்பிக்கத் தவறலாகாது.

குழாயும் கழிப்பிடமும் சர்க்கார் தரக்கூடியவை. குழிக்கும் கிணற்றுக்கும் இடையேயுள்ள தூரத்தையும், பானையின் மூடியையும், கையின் சுத்தத்தையும் காக்க வேண்டியவர் வீட்டுக்குரியவரே. ஐப்பசி மழை தொடங்குமுன் ஒவ்வொரு குடியானவரும் தம் கிணற்றையும் குழியையும் ஒருமுறை அளந்து பார்ப்பாராக.