தூரக் கிணற்றுக்குத் தடித்த கேபிள் ஏன்?

மாத்தளை மாவட்டத்தின் வடக்கே, தம்புள்ளை, கலேவெலப் பக்கம், வெங்காயத் தோட்டங்களுக்குக் கிணற்று நீரே துணை. மின்மானி வீட்டுச் சுவரில். மோட்டார் 150 மீற்றர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். 1 குதிரைவலு மோட்டார் ஏறக்குறைய 7 அம்பியர் இழுக்கும். மண்ணுக்குள் புதைத்த 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிள் அதைச் சூடேறாமல் தாங்கும். ஆனாலும் போதாது.

காரணம் தூரம். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும். ஆகவே கம்பி 300 மீற்றர், தடை சுமார் 2.2 ஓம். 7 அம்பியரால் பெருக்குங்கள்: 15 வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே தொலைகிறது. 230 வோல்ற்றில் அது ஏறத்தாழ 6.7 வீதம். பிரித்தானிய விதிநூல் பிஎஸ் 7671 மோட்டாருக்குச் சொல்லும் எல்லை 5 வீதம்.

மோட்டார் கிளம்பும் கணம் இன்னும் மோசம். அப்போது பல மடங்கு மின்னோட்டம் பாயும். இழப்பும் அப்படியே பெருகும். சுழல வலுவின்றி மோட்டார் உறுமி நிற்கலாம், சுருள் கருகலாம். பயிர் வாடும் கோடையில் இது சிறு நட்டமல்ல.

6 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 6.5 வோல்ற்றுதான். புதைத்த கேபிளை மாற்ற முழுப் பள்ளத்தையும் மறுபடி தோண்ட வேண்டும் என்பதால், இந்தக் கணக்கை முதலிலேயே போடுங்கள். கிணறு 300 மீற்றரில் இருந்தால் 6-உம் போதாது, 10 வேண்டும்.