சிவந்த மலைக்குப் பின்னால் ஒரு நீலம்

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1830-களின் தொடக்கத்தில் ஃபூஜி மலையைப் பல இடங்களிலிருந்து வரைந்து மரக்கட்டை அச்சுப் படங்களாக வெளியிட்டார். தொடரின் பெயரில் இருப்பது 36 காட்சிகள்தான். வரவேற்பைப் பார்த்து மேலும் 10 சேர்த்தார்கள். இந்தத் தொடரில் ‘சிவப்பு ஃபூஜி’ என்று பேர்பெற்ற படத்தில் ஆளில்லை, வீடில்லை. மலை, மேகம், வானம், அடிவாரத்தில் காடு, அவ்வளவுதான். இருந்தும் பார்த்த மாத்திரத்தில் மனம் தெளிகிறது. எப்படி?

பாதி வேலை விடியலுடையது. அடிவானத்தில் நிற்கும் சூரியனின் ஒளி, காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் பயணம் செய்கிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போக, மலையை வந்தடைவது பெரும்பாலும் சிவப்பும் ஆரஞ்சும். பனியோ உச்சியில் கோடுகளாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒளி விழும் எரிமலைக் கற்களும் இரும்பு துருவேறி ஏற்கெனவே செம்பழுப்பாகக் கிடப்பவை.

மீதிப் பாதி அந்த வானம். ஜப்பானிய அச்சுக்காரர்கள் முன்பு நம் கானாவாழைக்கு உறவான ஒரு செடியின் பூவிலிருந்து நீலம் எடுத்தார்கள். வெளிச்சம் பட்டால் அது வெளிறிவிடும். ஹொக்குசாய்க்குக் கிடைத்தது பிரஷ்ய நீலம். 1706 வாக்கில் பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயக்காரர் சிவப்புச் சாயம் செய்யப்போய், பொட்டாஷில் கலப்படம் இருந்ததால் தற்செயலாகக் கிடைத்த நிறம் அது. அதன் உள்ளேயும் இரும்புதான். இருவகை இரும்பு அயனிகளுக்கிடையே எலக்ட்ரான் தாவுகிறது. தாவுவதற்கான ஆற்றலைச் சிவப்பு ஒளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எடுத்தது போக நம் கண்ணுக்கு வருவது நீலம். மலையின் சிவப்பு, படத்து வானத்தின் நீலம் இரண்டுமே இரும்பின் கைவேலை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

வானத்தின் உச்சி அடர்ந்தும் கீழே வெளிறியும் இருப்பதைக் கவனியுங்கள். அச்சிடுபவர் கட்டையில் மையை ஈரத்தால் கரைத்துப் படிப்படியாக இளக்கும் உத்தி அது. இயற்கையிலும் வானம் அடிவானத்தருகே வெளிறித்தான் இருக்கிறது.

முதலில் அச்சான படிகளில் மலை மங்கிய இளஞ்சிவப்பு. வானமும் சீரற்ற மென்னீலம். பிறகு வந்தவற்றில் செங்கல் சிவப்பும் அழுத்தமான நீலமும் ஏறிவிட்டன. வரைந்த கோடு மாறவில்லை, மனநிலை மாறிவிட்டது: முன்னது சோம்பல் முறிக்கும் மலை, பின்னது மார்தட்டும் மலை. நாட்காட்டிகளில் வருவது பின்னதே. என் ஓட்டு முன்னதற்கு. அடுத்தமுறை இந்தப் படம் கண்ணில் பட்டால், அது எந்தப் படி என்று நிறத்தை வைத்தே கண்டுபிடித்துப் பாருங்கள்.