சாவி கொடுக்கிற அன்றைக்கே

குத்தாலத்தில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டுக்கு வெள்ளையடித்து, குளியலறைக்கு டைல்ஸ் போட்டு, கோயில் சுற்ற வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போவதாகச் சொல்கிறீர்கள். நல்ல யோசனைதான் தம்பி. பக்கத்திலேயே திருமணஞ்சேரி. இந்தப் பக்கம் வைத்தீஸ்வரன்கோயில், அந்தப் பக்கம் கஞ்சனூர், சூரியனார்கோயில். 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வேறு வருகிறது. ஆள் வரத்துக்குக் குறைவிருக்காது. டெபாசிட் எவ்வளவு வாங்கலாம் என்று கேட்டீர்களே, டீயைக் குடியுங்கள், சொல்கிறேன்.

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் அது மாதக்கணக்கில் குடியிருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை கிளம்புகிறவர் உங்கள் குடித்தனக்காரர் இல்லை. இங்கிலாந்திலும் இதே கதைதான். 2007 ஏப்ரலிலிருந்து வாடகை டெபாசிட்டுக்கு அங்கே அரசு அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புத் திட்டம் உண்டு. விடுமுறைக்குத் தங்குகிற வீடுகள் அதற்குள் வராது.

அப்படியானால் இஷ்டத்துக்குப் பிடித்துக்கொள்ளலாமா என்றால், முடியாது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. ‘எது உடைந்தாலும் 5,000 ரூபாய் திரும்பாது’ என்று நீங்கள் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும், கோர்ட்டுக்குப் போனால் அந்தத் தொகைக்குள் நியாயமான நஷ்ட ஈடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். ஒரு கண்ணாடி டம்ளருக்கு 5,000 யாரும் தரமாட்டார்கள்.

வக்கீலைவிட நம்மூர்க் கல்யாண மண்டபத்து மேனேஜருக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மத்தியானம் ஸ்டோர் ரூமைத் திறப்பார். அண்டா, தவலை, தாம்பாளம், ஜல்லிக்கரண்டி, ஜமக்காளம், தலையணை என்று ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் எழுதி, பெண்ணின் சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்குவார். கரண்டு மீட்டர் ரீடிங்கும் அந்தப் பக்கத்திலேயே ஏறிவிடும். மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரை வழியனுப்பிவிட்டு, தூக்கம் சொக்கும் கண்ணோடு சித்தப்பா அதே வாசலில் உட்கார்ந்து திருப்பி எண்ணிக் கொடுப்பார். இரண்டு கரண்டி குறைகிறதா, அதற்கும் கரண்டுக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் டெபாசிட்டில் கழித்துக்கொண்டு மீதி அங்கேயே கைக்கு வந்துவிடும். முணுமுணுப்பு இருக்கும், சண்டை இருக்காது. முதல் நாளே எண்ணியாகிவிட்டது அல்லவா.

உங்களுக்கு நோட்டுகூட வேண்டாம். சாவி கொடுக்கும்போது வந்தவரையும் கூட அழைத்துக்கொண்டு, திண்ணையிலிருந்து கொல்லைப்புறம் வரை போனில் ஒரு வீடியோ. ஊஞ்சல் பலகையில் ஏற்கெனவே இருக்கிற கீறல், டிவி, ஏசி ரிமோட், மோட்டார் சுவிட்ச் எல்லாம் அதில் வரட்டும். அங்கேயே அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். கிளம்பும்போதும் அவர் இருக்கும்போதே ஒரு சுற்று. கார் ஆடுதுறை தாண்டின பிறகு போன் செய்து ‘ஜக்கைக் காணோம்’ என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

எதற்குக் கழிக்கலாம் என்பதில்தான் வீட்டுக்காரர்கள் சறுக்குகிறார்கள். புழங்கப் புழங்கத் தேய்வது வீட்டுக்காரர் கணக்கு. ஐப்பசி அடைமழையில் ஓடு ஒழுகி சுவர் பூத்துப்போனால் அதை வந்தவர் தலையில் கட்டக் கூடாது. ஏழு வருடத்து டிவியை உடைத்தால் ஏழு வருடத்து டிவியின் விலைதான், புது டிவி விலை இல்லை. பழுது பார்த்த பில்லைக் காட்டுங்கள். போர்வையில் எண்ணெய்க் கறை என்றால் சலவைக் கூலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொகை? ஒரு நாள் வாடகையை ஒட்டி வைத்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேல் கேட்டால் குடும்பத்தோடு வருகிறவர் மிரண்டு மயிலாடுதுறையில் லாட்ஜ் பார்த்துக்கொள்வார். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்துவிட்டு இருபது பேராக வந்து இறங்குகிறார்கள் என்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஏர்பிஎன்பி வழியாக வந்தவரிடம் தனியாக ரொக்கம் கேட்காதீர்கள், அவர்கள் விதி அதற்கு இடம் தராது. சேதம் இருந்தால் விருந்தினர் கிளம்பிய 14 நாளுக்குள் ஏர்பிஎன்பியிடமே முறையிட வேண்டும்.

ரசீதில் வாடகையை ஒரு வரியிலும் டெபாசிட்டை இன்னொரு வரியிலும் எழுதுங்கள். நாளைக்கு ஜிஎஸ்டி பதிவு எடுத்தால் அது உதவும். திருப்பித் தரவேண்டிய டெபாசிட்டுக்கு வரி கிடையாது. அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்கிறபோதுதான் கணக்கில் வரும். திருப்புவதை ஜிபேயில், அவர் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் அனுப்பிவிடுங்கள். தாமதித்தால் அவர் 1915-க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் பதிவு செய்யலாம். அவரிடம் நஷ்டம் கேட்க உங்களுக்கு வழி சிவில் கோர்ட்டுதான். எண்ணூறு ரூபாய் ஜாடிக்கு அங்கே வாய்தா வாங்கிக்கொண்டிருந்தால் வக்கீலுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தே ஜாடி விலை போய்விடும்.

அப்புறம், கூடத்தில் உங்கள் பாட்டி காலத்துத் தஞ்சாவூர்ப் படமும் வெண்கல உருளியும் இருக்கிறதே, அவற்றை டெபாசிட் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவைக்காதீர்கள். முதல் ஆள் வருவதற்கு முன்னாடியே மாடி அறையில் போட்டுப் பூட்டிவிடுங்கள்.